சின்னக் குரல் பெரிதாகும் அறை

மெலிந்த குரலை ஸ்டுடியோ எப்படி நிமிர்த்துகிறது? அதில் பாடுபவரின் உழைப்பு எவ்வளவு, கருவியின் கைவரிசை எவ்வளவு?

சென்னை சாலிகிராமத்தில் ஒரு குறுக்குத் தெரு. மாடிப்படி ஏறி உள்ளே போனால் அடுத்தடுத்து இரண்டு கதவுகள். இரண்டாவது கதவைச் சாத்தியதும் தெருவின் ஆட்டோச் சத்தம் அறுந்துபோகிறது. ஏ.சி.யையும் நிறுத்தியாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால், முதல் வாய்ப்புக்கு வந்திருக்கும் இளம் பாடகி. இடது காதில் ஹெட்போன் அழுந்தியிருக்கிறது; வலது காது பாதி திறந்திருக்கிறது, தன் குரலைத் தானே நேராகக் கேட்டுக்கொள்ள. பல்லவியின் இரண்டாம் வரியைப் பாடுகிறார். எடுப்பு அருமை. கடைசிச் சொல்லுக்கு வரும்போது மூச்சு தீர்ந்து, குரல் இழையாகிவிடுகிறது. சுருதியும் லேசாக இறங்குகிறது.

"நல்லா இருக்கு மேடம். கடைசி வார்த்தை மட்டும் இன்னொரு தடவை போயிடலாமா?" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து டாக்பேக் மைக்கில் கேட்கிறார் இன்ஜினீயர். கேட்டபடியே இரண்டு காரியம் செய்கிறார். ஹெட்போனில் பாடகிக்குக் கேட்கும் அவருடைய சொந்தக் குரலின் அளவைக் கொஞ்சம் குறைக்கிறார். உதவியாளரை அனுப்பி மைக்கை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தச் சொல்கிறார். அடுத்த டேக். அதே வரி, அதே பாடகி. குரலில் மட்டும் முன்பு இல்லாத ஒரு கனம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் இன்னும் ஒரு பொத்தானைக்கூட யாரும் தொடவில்லை.

கோடம்பாக்கம், வடபழனி, வளசரவாக்கம் வட்டாரத்துச் சின்ன ஸ்டுடியோக்களில் இது அன்றாட வேலை. வெளியே இருக்கும் ரசிகருக்கோ வேறு கேள்வி. நடிகர்கள் பாடுகிறார்கள். மறைந்த பாடகர்களின் குரல் புதுப்படத்தில் ஒலிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் மொபைலில் பாடிப் போடும் பாட்டு சினிமாப் பாட்டு மாதிரியே கேட்கிறது. 'இது நிஜமாகவே அவர் பாடியதுதானா?' என்ற சந்தேகம் இப்போது எந்தப் பாட்டைக் கேட்டாலும் எழுகிறது. சந்தேகம் நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

மென்குரலுக்கு இடம் கொடுத்த மைக்

நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய நாட்களில், கடைசி வரிசைக்குக் கேட்டால்தான் பாடகர். ஆரம்பகால இசைத்தட்டுப் பதிவும் அப்படியே: பெரிய கூம்பின் வாய்க்கு எதிரே நின்று உரக்கப் பாட வேண்டும், அந்த அதிர்வே ஊசியைத் தள்ளும். 1925-ல் அமெரிக்காவில் மின்சார ஒலிப்பதிவு நடைமுறைக்கு வந்ததும் நிலைமை மாறியது. காதருகே பேசுவது போலப் பாடிய பிங் கிராஸ்பி போன்றவர்கள் பெரும் நட்சத்திரங்களானார்கள்.

தமிழில் பின்னணிப் பாடல் முறை 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தோடு தொடங்கியதாகத் திரை வரலாறு சொல்கிறது. பிறகு ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் டி.எம். சௌந்தரராஜனின் வெண்கலக் குரலுக்குப் பக்கத்திலேயே ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் நின்றார்கள். அவர்கள் குரலை யாரும் பலவீனம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் அந்த மென்மை முழுவதும் மைக்கை நம்பிப் பிறந்த மென்மை. மெல்லிய குரலுக்குக் கருவியின் துணை வேண்டும் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ்த் திரையிசையின் பாதி அழகு அந்தத் துணையில் விளைந்ததுதான்.

முதலில் நோய் என்னவென்று பார்க்க வேண்டும்

'குரல் வீக்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நாலைந்து வெவ்வேறு குறைகளுக்கு ஒரே பெயர். சிலருக்குச் சத்தம் சிறியது. சுருதி சுத்தமாக இருக்கும். சிலருக்குச் சத்தம் இருக்கும். மூச்சு வரியின் முடிவுக்கு எட்டாது. சிலர் சுருதியில் நிற்பதில்லை. சிலருடைய குரலில் கனம் இல்லை, தகரத்தில் தட்டினாற்போல் ஒலிக்கும். இன்னும் சிலருக்கு எல்லாம் சரி, சொல் தெளிவில்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மூச்சுக் குறைக்குச் சுருதித் திருத்தக் கருவியைப் போடுவதும், சொல் தெளிவில்லாத குரலை எக்கோவில் முக்கி எடுப்பதும்தான் அனுபவமில்லாத கைகள் செய்யும் தவறுகள்.

தேர்ந்த இன்ஜினீயர் பாதி வேலையைப் பதிவின்போதே முடித்துவிடுகிறார். அவர் முதலில் பார்ப்பது சுருதி. பாட்டின் உச்சஸ்தாயி வரியில் பாடகர் திணறுகிறார் என்றால் அரைக் கட்டை இறக்கினால் போதும். எந்தக் கருவியாலும் தரமுடியாத பலம் குரலுக்கு வந்துவிடும். ஆனால் இசைக்கருவிகள் எல்லாம் ஏற்கெனவே பதிவாகி, டிராக் தயாரான பிறகு பாடகரை அழைப்பதுதான் இன்றைய வழக்கம். கட்டையை மாற்றினால் அத்தனையையும் மாற்ற வேண்டும். அதனால் பாடகரின் தொண்டையை நீட்டச் சொல்கிறார்கள். மெலிந்த குரல் மேலும் மெலிவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

■ பெட்டிச் செய்தி: கட்டைக் கணக்கு
ஹார்மோனியக் கட்டைகளை வைத்து நம்மவர்கள் சுருதியைச் சொல்லும் முறை இது. ஒரு கட்டை என்றால் மேற்கத்திய முறையில் 'சி'. இரண்டு 'டி', மூன்று 'இ', நாலு 'எஃப்', ஐந்து 'ஜி', ஆறு 'ஏ'. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை ஆகியவை இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள். கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து, ஐந்தரையை ஒட்டியும் பாடுகிறார்கள். அரைக் கட்டை இறக்கம் என்பது 100 சென்ட். தேர்ந்த காது ஐந்து, பத்து சென்ட் விலகலையே கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம். வழக்கமான அளவு ஒரு சாண். ஒரு திசையிலிருந்து மட்டும் சத்தத்தை வாங்கும் மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு: வாய் நெருங்க நெருங்க கீழ்ச்சுர அதிர்வுகள் தூக்கலாகப் பதியும். ஒல்லியான குரலை நாலைந்து விரல் தூரத்துக்கு இழுத்துவிட்டால் கனம் தானாக வருகிறது. கூடவே 'ப' ஒலியின் காற்று மைக்கில் மோதும், ஒவ்வொரு மூச்சும் கேட்கும். வாய்க்கு நேராக வைக்காமல் மைக்கைக் கொஞ்சம் சாய்த்து, நடுவே பாப் ஃபில்டர் வைப்பது அதற்காக.

எந்த மைக் என்பதும் முக்கியம். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) ஆல்பத்துக்குப் பயன்பட்ட ஷ்யூர் எஸ்.எம்.7 வகை மைக்கை இன்று வீட்டில் பாடுபவர்கள் எல்லாம் வாங்குகிறார்கள். நல்ல மைக்தான். ஆனால் இப்போது விற்கும் எஸ்.எம்.7பி தரும் சிக்னல் மிகச் சிறியது. சுமார் 60 டெசிபல் கெயின் கொடுத்தால்தான் பதிவுக்கு ஏற்ற அளவுக்கு ஏறும். சத்தமாகப் பாடுபவருக்கு அது ஒரு பொருட்டல்ல. முணுமுணுப்பாகப் பாடுபவருக்கு அந்த அளவு கெயின் வைத்தால், மலிவான இன்டர்ஃபேஸில் குரலோடு 'உஸ்' இரைச்சலும் சேர்ந்து ஏறும். பெயர் பெற்ற மைக்கைவிட, மெல்லிய ஒலியையும் பிடிக்கும் ஒரு சாதாரண கண்டென்சர் மைக் இவருக்குப் பொருத்தமாக இருக்கலாம். அறை அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஹெட்போன். சாலிகிராமத்து இன்ஜினீயர் பாடகியின் குரலை அவருக்கே குறைத்துக் கொடுத்தாரே, அதன் பின்னால் ஒரு நூற்றாண்டு பழைய அறிவு இருக்கிறது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னார். ஹெட்போனிலும் இதே கதைதான்: தன் குரல் காதில் பெரிதாகக் கேட்டால் பாடகர் அடக்கி வாசிப்பார். சற்றுக் குறைவாகக் கேட்டால் தானாக நெஞ்சிலிருந்து எடுத்துப் பாடுவார். 'இன்னும் சத்தமா பாடுங்க' என்று சொன்னால் பதற்றத்தில் தொண்டை இறுகும். ஒரு குமிழைத் திருப்பினால் இறுகாது. அதிகம் குறைத்துவிட்டால் பாடகர் கத்தத் தொடங்கி சுருதி பிசகும் என்பதால், எவ்வளவு என்பதுதான் கைத்திறன்.

பிறகு டேக்குகள். ஒரே வரியை ஆறேழு முறை பாடவைத்து, ஒவ்வொன்றிலும் நல்ல சொல்லைப் பொறுக்கிச் சேர்ப்பதைக் கம்பிங் என்கிறார்கள். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க, பாடகர் நின்று பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை பாடிய காலத்தில் இதற்கு வழியில்லை. ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இன்று நீங்கள் கேட்கும் ஒரு வரியின் முதல் சொல் மூன்றாவது டேக்கிலிருந்தும் கடைசிச் சொல் ஐந்தாவதிலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டும் அவர் பாடியதுதான். மூச்சுக் குறை உள்ள குரலுக்கு இதைவிட நேர்மையான உதவி இல்லை.

மற்றவர்கள் விலகினால் குரல் முன்னே வரும்

மிக்ஸிங் என்றதும் குரலின் ஃபேடரைத் தூக்குவது என்று நினைக்கிறோம். பெரும்பாலான சமயம் மற்றவற்றை விலக்குவதுதான் வேலை.

சுவீடனின் யோஹான் சுந்த்பெரி என்ற ஒலியியல் அறிஞர், பயிற்சி பெற்ற மேற்கத்திய ஆபெரா பாடகர்களின் குரலை ஆராய்ந்தார். மைக் இல்லாமலே அவர்களால் முழு ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி ஒலிக்க முடிவது எப்படி? அவர்களின் தொண்டை அமைப்பு 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஆற்றலைக் குவிக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி அந்தப் பகுதியில் மெலிந்திருக்கிறது. காலி இடம் பார்த்துக் குரல் நுழைகிறது. பயிற்சி இல்லாத குரலுக்கு அதே பகுதியை, ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூவில் இரண்டு, மூன்று டெசிபல் தூக்கி, அதே இடத்தில் கிடாரையும் கீபோர்டையும் கொஞ்சம் வெட்டிவிடுகிறார் இன்ஜினீயர். சாதகத்தால் தொண்டை கற்றதை இங்கே கருவி செய்கிறது.

கீழே 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள உறுமலை வெட்டுவார்கள். 250 முதல் 400 வரை உள்ள பகுதியில் குரல் பொதபொதவென்று இருந்தால் அங்கேயும் குறைப்பார்கள். ஒல்லிக் குரலாக இருந்தால் இதற்கு நேர்மாறு: 200-ஐ ஒட்டி ஊட்டம் கொடுக்க வேண்டும். இணையத்தில் யாரோ கொடுத்த அளவை அப்படியே வைத்தால் காரியம் கெடும்.

அடுத்து கம்ப்ரஸர். சத்தமான சொல்லை அமுக்கி, மெல்லிய சொல்லோடு சமன்செய்து, பிறகு மொத்தத்தையும் உயர்த்தும் கருவி. அறுபதுகளில் வந்த எல்.ஏ.-2ஏ நிதானமாகப் பிடித்து நிதானமாக விடும். அந்தப் பத்தாண்டின் இறுதியில் பில் புட்னம் உருவாக்கிய 1176 மின்னல் வேகத்தில் பிடிக்கும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் மூன்று, நாலு டெசிபல் மட்டும் குறைக்கும்படி விடுவது மெலிந்த குரலுக்கு ஏற்ற பழைய வழி. இப்போது இரண்டும் மென்பொருளாகவே கிடைக்கின்றன. ஆனால் கம்ப்ரஸருக்கு நல்லது கெட்டது தெரியாது. மெல்லிய சொல்லை உயர்த்தும்போது மூச்சு, எச்சில் சத்தம், அறையின் எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்திவிடும். அதனால் பொறுமையுள்ள இன்ஜினீயர்கள் கம்ப்ரஸருக்கு அனுப்பும் முன்பே ஒவ்வொரு சொல்லின் அளவையும் கையால் ஏற்றி இறக்கிச் சரிசெய்கிறார்கள். ஒரு பாட்டுக்கு மணிக்கணக்காகும். கேட்பவருக்கு அந்த உழைப்பு தெரியவே கூடாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று பொருள்.

நம் மொழிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. குறில், நெடில் அளவு மாறினால் பொருளே மாறும் மொழி இது. தாளத்தில் உட்காரவைக்க ஒரு குறிலை மென்பொருளில் இழுத்தால், கவிஞர் எழுதாத சொல் பாட்டில் வந்துவிடும். 'ஸ' போல ஒலிக்கும் 'ச' கூர்மையாகக் குத்தினால் டி-எஸ்ஸர் போடுவார்கள். அதிகமானால் பாடகருக்கு நாக்குத் தடித்தது போலாகும். 'ழ' இயல்பிலேயே உள்ளடங்கிய ஒலி. வாத்தியக் கூட்டத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். தமிழ் தெரிந்த ஒருவர் பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு மிக்ஸைக் கேட்க வேண்டும். பல பாடல்களில் இது நடப்பதில்லை என்பது கேட்டாலே தெரிகிறது.

ஒரு குரலை இரண்டாக்குவது

ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குரல் தடிக்கும். இரண்டு பாட்டிலும் உள்ள நுணுக்கமான வேறுபாடே அந்தத் தடிப்பைத் தருகிறது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்குத் தன் குரலை இப்படி இரட்டிப்பாக்கப் பிடிக்கும். ஆனால் மறுபடி மறுபடி பாட அலுப்பு. 1966-ல் 'ரிவால்வர்' பதிவுகளின்போது லண்டன் அபி ரோடு ஸ்டுடியோவின் இன்ஜினீயர் கென் டவுன்சென்ட், இரண்டாவது டேப் கருவியின் வேகத்தை லேசாக அசைத்து, ஒரே பாட்டிலிருந்து இரண்டாவது குரலைத் தானாக உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்.

இன்றைய மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பில்லி ஐலிஷ். அவர் குரல் கிசுகிசுப்பு. அண்ணன் ஃபினியஸுடன் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்த முதல் ஆல்பத்தின் மூலம் 2020 கிராமி விருதுகளில் ஆண்டின் ஆல்பம் உட்பட நான்கு முதன்மைப் பிரிவுகளையும் அவர் வென்றார். அந்தக் குரலைப் பெரிதாக்க யாரும் அவரைக் கத்தச் சொல்லவில்லை. மைக்கை நெருங்கிப் பாடி, பல அடுக்குகளாக மெல்லிய குரல்களைச் சேர்த்து, சுற்றிலும் இசையைக் குறைத்து வைத்தார்கள். மெலிவை மறைக்காமல் அதையே பாட்டின் நடுவில் உட்காரவைத்த துணிச்சல் அது. நம் இசையமைப்பாளர்கள் ஒரு மெல்லிய குரலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பின்னால் முப்பது டிரம்மை வைத்து அதைப் போராடவிடுவதைக் கேட்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

கமகத்தைத் தவறு என்று எண்ணும் கருவி

■ பெட்டிச் செய்தி: எண்ணெய் தேடியவர் தந்த கருவி
சுருதித் திருத்தக் கருவியான ஆட்டோ-ட்யூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை நிலநடுக்க அலைகள் போன்ற எதிரொலிகளை வைத்துக் கணிக்கும் துறையில் பணியாற்றியவர். அந்தக் கணிதத்தின் ஒரு பகுதியை மனிதக் குரலின் சுருதியை அறியப் பயன்படுத்தினார். அவருடைய அன்ட்டாரிஸ் நிறுவனம் 1997-ல் கருவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே பாடகி ஷெரின் 'பிலீவ்' பாட்டில் அதன் வேகத்தை எல்லைக்குத் தள்ளி, குரலை எந்திரம் போல ஒலிக்க வைத்தார்கள். ரகசியம் வெளியே போகாமலிருக்க, தயாரிப்பாளர்கள் முதலில் வேறொரு கருவியின் பெயரைச் சொன்னார்கள். 2010-ல் 'டைம்' இதழ் ஆட்டோ-ட்யூனை மிக மோசமான 50 கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது.

ஆட்டோ-ட்யூன், பாடிய சுருதிக்கு மிக அருகில் உள்ள ஸ்வரம் எதுவென்று பார்த்துக் குரலை அங்கே நகர்த்துகிறது. எவ்வளவு வேகமாக நகர்த்த வேண்டும் என்பதை மில்லி செகண்டில் சொல்லலாம். மேற்கத்தியப் பாட்டில் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்குத் தாவி நிற்கிறது. அங்கே இந்தக் கணக்கு சரி.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு அசைகிறது. அந்த அசைவுதான் தோடி. தானியங்கி முறையில் விட்டால், கருவிக்கு அந்த அசைவு முழுவதும் பிழையாகத் தெரியும். வளைந்து போகும் குரலைப் படிக்கட்டாக வெட்டிவிடும். கர்நாடக இசைக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை இது. நாட்டுப்புறப் பாட்டின் இழுவைக்கும், ஒப்பாரிக்கும், மெல்லிசைப் பாடலின் சின்னச் சின்னப் பிருகாவுக்கும் இதே கதிதான். கடந்த இருபதாண்டுத் திரைப்பாடல்கள் பலவற்றில் சங்கதி வரும் இடத்தில் ஏதோ வழுக்கினாற்போல் கேட்கிறதே, அதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு மாற்று உண்டு. ஜெர்மனியின் செலெமனி நிறுவனத்தின் மெலடைனில் ஒவ்வொரு ஸ்வரமும் திரையில் தனித்தனிக் குமிழாகத் தெரியும். அதன் மேல் சுருதியின் ஏற்ற இறக்கம் ஒரு கோடாக ஓடும். குமிழின் நடுச் சுருதியை மட்டும் மேலே தூக்கலாம், அசைவைத் தொடாமல் விடலாம். சங்கதியை அப்படியே விட்டுவிட்டு, வரியின் முடிவில் குரல் வந்து நிற்கும் ஸ்வரத்தை மட்டும் பத்துப் பதினைந்து சென்ட் சரிசெய்தால் கேட்பவர் காதுக்கு முழு வரியும் சுத்தமாகிவிடுகிறது. ராகம் தெரிந்தவர் அந்த மவுஸைப் பிடிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்பவர்கள் ஸ்டுடியோக்களில் இருக்கிறார்கள், பெரும்பாலும் இளைஞர்கள், ஆல்பத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கு எப்போதும் இடம் கிடைப்பதில்லை.

யாருக்கு வரவு, யாருக்குச் செலவு

இந்த வசதிகளால் கதவு திறந்தவர்கள் நிறையப் பேர். சின்ன ஊரில், குரு இல்லாமல், வீட்டு அறையில் பாடிப் பழகியவர்களுக்கு இது பெரிய வரம். தொண்டையில் கட்டி வந்து ஓய்வில் இருந்த பாடகர், வரிவரியாகப் பாடி ஒரு பாட்டை முடிக்க முடிகிறது. வயது ஏறிய குரலில் நடுக்கத்தை வைத்துக்கொண்டே சுருதியைத் தாங்கிப் பிடிக்க முடிகிறது. பாடலின் உணர்ச்சிக்குப் பொருந்தும் ஒரு கிராமத்துக் குரலை, அது கச்சிதமாகப் பாடவில்லை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை.

செலவு இன்னொரு பக்கம். பெரிய பாடகர் வருவதற்கு முன் பாட்டை மாதிரிக்குப் பாடிவைக்கும் டிராக் பாடகர்கள் என்று ஒரு வகுப்பு நம் திரையுலகில் பல பத்தாண்டுகளாக உண்டு. எந்தச் சுருதியிலும், எந்த மெட்டிலும், ஒரே டேக்கில் பாடத் தெரிந்தவர்கள். டிராக் பாடி, அது நன்றாக அமைந்ததால் அப்படியே படத்தில் இடம்பெற்று மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். யார் பாடினாலும் திருத்திக்கொள்ளலாம் என்று ஆனதும், நட்சத்திரத்தின் பெயருக்குக் கிடைக்கும் விலை இந்தத் திறமைக்குக் கிடைப்பதில்லை. பாட்டு வெற்றி பெறுவதற்குப் பாடகரின் சாதகம் தேவையில்லை என்று தயாரிப்பாளர் முடிவு செய்துவிட்டால், பத்து வயதில் பாட்டு டீச்சரிடம் சேர்ந்து சரளி வரிசை பாடும் குழந்தைக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?

போட்டி நிகழ்ச்சிகளில் இது நம்பிக்கைப் பிரச்னை ஆகிறது. பிரிட்டனின் 'எக்ஸ் ஃபாக்டர்' நிகழ்ச்சியில் 2010-ல் ஒளிபரப்பான ஆடிஷன் பாட்டுகளில் சுருதித் திருத்தம் நடந்திருப்பதைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்துப் புகார் செய்தார்கள். ஒளிபரப்புக்கு முன் ஒலியை மெருகேற்றியதாக நிகழ்ச்சித் தரப்பு ஒப்புக்கொண்டது. அடுத்த நிகழ்ச்சிகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நிகழ்ச்சியை உருவாக்கிய சைமன் கவெல் உத்தரவிட்டதாகச் செய்திகள் வந்தன. திரைப்படத்தில் சரியாக இருக்கும் ஒரு காரியம் போட்டியில் சரியாக இருக்காது. மக்கள் ஓட்டுப் போடுவது பாடகருக்கு. அவருக்குப் பின்னால் இருக்கும் இன்ஜினீயருக்கு அல்ல.

■ பெட்டிச் செய்தி: வீட்டில் பாடிப் பதிவு செய்பவர்களுக்கு
• துணி நிறைந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். காலி அறை, டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் மூன்றும் சின்னக் குரலை இன்னும் தூரத்தில் தள்ளும்.
• மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு அந்த இரைச்சலை மென்பொருளில் நீக்கினால் குரலின் ஓரமும் சேர்ந்து தேயும்.
• உச்ச சத்தம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும். 24 பிட்டில் பதிவு செய்தால் அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை.
• எக்கோவைக் குறையுங்கள். நீண்ட ரிவெர்ப் குரலைப் பின்னால் தள்ளும். பாட்டின் தாளத்துக்கு ஏற்ற ஒரு சின்ன டிலே போதும்.
• முடித்ததும் மொபைல் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அதில் சொல் புரியவில்லை என்றால், ஈக்யூவுக்குப் போகும் முன் வாத்தியங்களைக் குறையுங்கள்.

குரலையே மாற்றிவிட்டால்?

இதுவரை பார்த்தது எல்லாம், பாடியவரின் குரலை அவராகவே வைத்துக்கொண்டு தாங்கிப் பிடிப்பது. செயற்கை நுண்ணறிவு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஒருவர் பாடுகிறார், ஏற்ற இறக்கம், உச்சரிப்பு, உணர்ச்சி எல்லாம் அவருடையவை, ஆனால் ஒலிக்கும் குரல் இன்னொருவருடையது.

2024 தொடக்கத்தில் வந்த 'லால் சலாம்' படத்தின் பாட்டொன்றில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் இந்த முறையில் கொண்டுவந்தார். குடும்பத்தினரின் அனுமதி பெற்று, தகுந்த ஊதியம் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் பவதாரிணியின் குரலும், 'வேட்டையன்' படத்தில் மலேசியா வாசுதேவனின் குரலும் இதே முறையில் ஒலித்தன. 'வேட்டையன்' படத்தின் அந்த 'மனசிலாயோ' பாட்டின் பாடகர் பட்டியலில் வாசுதேவனின் மகன் யுகேந்திரன் பெயரும் இருந்தது. மறுபக்கம், ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றி உருவாக்கியதாக அவர் மகன் எஸ்.பி.பி. சரண் சட்ட நோட்டீஸ் அனுப்பினார்.

இதே தொழில்நுட்பம் எவ்வளவு பெரிய நன்மை செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்க கன்ட்ரி பாடகர் ராண்டி டிராவிஸ் 2013-ல் பக்கவாதத்தால் பேச்சையும் பாட்டையும் பெருமளவு இழந்தார். 2024 மே மாதம் அவர் குரலில் ஒரு புதுப் பாட்டு வந்தது. ஜேம்ஸ் டூப்ரே என்ற பாடகர் பாடிக்கொடுக்க, டிராவிஸின் பழைய பதிவுகளிலிருந்து கற்ற மென்பொருள் அதை டிராவிஸின் குரலாக மாற்றியது. டிராவிஸ் கூடவே இருந்தார், ஒப்புதல் தந்தார். பாட முடியாத ஒருவருக்கு அவருடைய சொந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பாட்டைக் கேட்டவர்கள், எந்திரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கமாட்டார்கள்.

அனுமதி இருந்ததா, கேட்பவருக்குத் தெரிவிக்கப்பட்டதா, பாடிக்கொடுத்தவரின் பெயர் வந்ததா: என் பார்வையில் இந்த மூன்றையும் வைத்தே இதை எடைபோட வேண்டும்.

சட்டத்தில் ஒரு வரி

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம் பாடகர்களுக்கு முக்கியமானது. அதில் சேர்ந்த 38-பி பிரிவு, நிகழ்த்துநருக்குத் தன் நிகழ்த்துதலுக்கு உரியவராக அடையாளம் காட்டப்படும் உரிமையையும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதையோ மாற்றுவதையோ தடுக்கும் உரிமையையும் கொடுக்கிறது. அதே பிரிவின் விளக்கம், எடிட்டிங்குக்காக ஒரு பகுதியை நீக்குவதும், முற்றிலும் தொழில்நுட்பக் காரணங்களுக்காகச் செய்யும் மாற்றமும் நற்பெயருக்குக் கேடாகக் கருதப்படாது என்கிறது.

கம்ப்ரஸரும் ஈக்யூவும் அந்த விளக்கத்துக்குள் அடங்கும். வரியின் கடைசி ஸ்வரத்தைச் சரிசெய்வதும் அடங்கும் என்று வாதிடலாம். ஒருவர் பாடிய சங்கதியை அழித்து வேறொன்றாக்குவது? அவர் பாடியதை வைத்துக்கொண்டு இன்னொருவர் குரலை ஏற்றுவது? 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், அனுமதியின்றி அவர் குரலைப் போலிசெய்யும் கருவிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரிஜித் சிங்குக்குப் பெயர் இருக்கிறது, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். முதல் பாட்டுக்கு வந்து, பாடி முடித்த கையோடு கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் பாடகிக்கு இரண்டும் இல்லை.

அந்தக் காகிதத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: பாடியவரின் பயன்படுத்தப்படாத டேக்குகளை எந்த மென்பொருளுக்கும் குரல் கற்றுக்கொடுக்கத் தரக்கூடாது, சுருதித் திருத்தம் முடிந்த பாட்டை வெளியிடும் முன் பாடியவருக்கு ஒருமுறை போட்டுக்காட்ட வேண்டும். இசையமைப்பாளர் சங்கமும் பாடகர்களின் உரிமை அமைப்பும் ஒன்றாக உட்கார்ந்தால் இதற்கு ஒரு பொதுப் படிவம் எழுத ஒரு மாலை நேரம் போதும். அதைக் கேட்கும் துணிவு புதிதாக வருபவருக்கு இருக்காது. பெயர் பெற்ற பாடகர்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.